தண்ணீர் படாத பக்கம்

அடைக்கலம் கல்லைக் கழுவிக் கொண்டுவந்தார்.
கண்மாய்க் கரை மோட்டார் குழாயில்,
சோப்புப் போட்டு.
"சேறா இருந்துச்சும்மா. அப்படியேவா உங்க மேசைல வைக்கிறது?"

மண் அள்ளும் வண்டியின் பல்லில் சிக்கியதாம்.
கையளவு கறுப்பு.
உடைந்த முனையில் வெள்ளைப் புள்ளிகள்,
எள்ளுருண்டையில் தேங்காய்ச் சில்லு போல.

கல் அறுக்க நான் தண்ணீர் தொடுவதில்லை,
வைர வாளுக்கு ஆல்கஹால்தான்.
காரைக்குடி முழுக்க
லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போடும் சித்திரையில்
தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவள்
நான் ஒருத்திதான்.

மூன்று நாள் தேய்த்தேன்.
தலைமுடியில் பாதித் தடிமன் வந்ததும்
கல் வெளிச்சத்தை உள்ளே விட்டது.

ஒரு வெள்ளைப் புள்ளிக்குள் போகிறேன்.
அங்கே பூமி இல்லை. வியாழன் இல்லை.
சூரியனே இன்னும் சரியாகச் சூரியன் ஆகவில்லை.
நானூற்று ஐம்பத்தாறு கோடி வருடம்
என்று எழுதிவிடலாம்,
கை அதைப் பாட்டுக்கு எழுதும்.
சுற்றிலும் ஆவி. அது ஆறத் தொடங்கியபோது
எது அத்தனை சூட்டிலும் கல்லாக நிற்குமோ
அது முதலில் கல்லானது:
அலுமினியம், கால்சியம், துளி டைட்டானியம்.
இரும்பு அந்தப் பக்கமே வரமுடியாது.

இதோ ஸ்பினல், நுண்ணிய எண்முகங்கள்.
பர்மாவிலிருந்து மாணிக்கம் என்று வாங்கி வந்து
இந்த ஊர்ப் பெட்டகங்களில் பூட்டியதில்
எத்தனை இதுதான் தெரியுமா என்று
நகை மதிப்பிடும் வெள்ளையப்பன் சிரிப்பார்.
ஏமாந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதைச் சுற்றி மெலிலைட்.
தேன்கல் என்று அர்த்தமாம்.
என் பெயர் தேனம்மை. அதனால் இல்லை,
முதலில் அரிபடுவது அது என்பதால்
முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

பஞ்சுபோல் பிய்ந்த விளிம்போடு
ஒருமுறைகூட உருகாத புள்ளிகள் உண்டு.
இது உருகியிருக்கிறது,
எண்ணெயில் விழுந்த சீயம் போலத்
தானே திரண்டு உருண்டிருக்கிறது.
யார் சுட்டது, ஏன் திரும்பச் சுட்டது,
தெரியாது. தெரியும் என்கிறவர்கள்
மாநாட்டில் இரண்டு கட்சி.

பிறகு தூசியோடும் பனியோடும்
ஒரு சிறுகோளுக்குள் புதைந்தது.
கூடவே சீக்கிரம் செத்துப்போகிற வகை அலுமினியம்,
ஏழு லட்சம் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகி,
மெக்னீசியமாகி, போகும்போது
கொஞ்சம் சூட்டை விட்டுப்போவது.
அந்த மெக்னீசியத்தை எண்ணித்தான் வயதை ஒப்பிடுகிறோம்.
அந்தச் சூட்டில்தான் பனியும் உருகியது.
கடிகாரமே அடுப்பு.

தண்ணீர் வந்ததும்
எல்லாம் ஒரே மாதிரி நிற்கவில்லை.
ஸ்பினல் அப்படியே இருந்தது.
மெலிலைட் இடம் கொடுத்தது:
கால்சியம் கிளம்ப, சோடியமும் குளோரினும் குடியேறின.
அங்கேயும் உவர்த்தண்ணீர்தான்.
கிளம்பிய கால்சியம் தொலைந்துபோகவில்லை,
விரிசலில் கால்சைட்டாகப் படிந்திருக்கிறது,
இந்த ஊர்ச் சுவர்களில் இறுகிய அதே பொருள்,
பளபளப்பு மட்டும் இல்லாமல்.

ஓரத்தில் ஆரஞ்சாக ஒரு கோடு.
துரு. புதுசு.
பதிவேட்டில் "மாசு" என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன், பேனா அழுந்த.

பிறகு அந்தக் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனேன்.
பழைய விரிசலுக்குள் அது நுழைகிறது.
எந்த இடத்தில் அந்தத் தண்ணீர் முடிந்து
இந்தத் தண்ணீர் தொடங்குகிறது,
என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.
ஆக்சிஜனை எண்ணினால் தெரியும்.
அகமதாபாத்துக்கு அனுப்ப வேண்டும்.

அடைக்கலத்தைப் போனில் கூப்பிட்டேன்.
"போர்த் தண்ணிதாம்மா, அறுநூறு அடி.
உப்புக் கரிக்கும். ஏன், கல்லுக்கு ஆகாதா?"
"ஆகும், ஆகாதுன்னு இல்ல" என்றேன்.

மாசு என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
கடைசியாக நனைந்தது இந்தச் சித்திரையில்,
ஆழ்குழாய், உவர்ப்பு,
நனைத்தவர் அடைக்கலம்.

சோப்பு என்ன சோப்பு என்று
கேட்க மறந்துவிட்டேன்.